இடது தோளுக்கு மேலே

கட்டம் என்பது அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் இல்லை, கிளப்பில் ஒட்டிக்கொண்ட பேர். எந்நேரமும் கையில் ஒரு கட்டம் போட்ட கணக்கு நோட்டு. பக்கத்துக்குப் பக்கம் ஒரு டென்னிஸ் கோர்ட், அதற்குள் அம்புக்குறிகள், புள்ளிகள், எண்கள். "திடீர்னு ஏதாவது தோணிச்சுன்னா பல் விளக்குற பிரஷ்ஷாலேயே கண்ணாடியில கோடு போடுவா" என்று அவள் அப்பாவே சொல்லிச் சிரிப்பார். அதே கிளப்பில் முப்பது வருஷம் கோர்ட்டுக்கு உருளை இழுத்து, கோடு போட்டு, கடைசியில் இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் விழுந்தவர் அவர்.

அவளோடு இரட்டையர் ஆடுகிறவளுக்கு நெட்டை என்று பேர். ஆறடிக்கு இரண்டு விரல்தான் குறைவு. பதினோரு வருஷ ஜோடி. கிளப்பின் இரட்டையர் கோப்பையை ஏழு முறை தூக்கியவர்கள். இரண்டு பேருக்குமே வயது முப்பதைத் தாண்டிவிட்டது. உறுப்பினர்கள் யாராவது "வாம்மா, கொஞ்சம் பந்து அடிக்கலாம்" என்று கூப்பிட்டால் எதிரே நின்று அடித்துக் கொடுப்பதுதான் பிழைப்பு. கூப்பிட்ட அன்றைக்குக் கூலி, கூப்பிடாத அன்றைக்குச் சும்மா. "நீ யோசி, நான் அடிக்கிறேன். நாம ரெண்டு பேரும் சேர்ந்தாத்தான்டி ஒரு முழு ஆளு" என்பாள் நெட்டை.

ஒரே அடியில் பாயிண்ட் எடுக்கப் பார்ப்பவர்களைக் கண்டால் கட்டத்துக்கு ஆகவே ஆகாது. "அது லாட்டரிச் சீட்டு. விழுந்தா விழும், இல்லன்னா போகும்" என்று உதட்டைப் பிதுக்குவாள். அடிகளைக் கோக்க வேண்டும் என்பது அவள் கட்சி. முதல் அடி எதிராளியை இடம் பெயர்க்கணும், அடுத்தது அங்கேயே நம்பி நிற்க வைக்கணும், அதற்கப்புறம்தான் அவள் இல்லாத இடத்தில் பந்து விழணும். அப்படிக் கோத்த ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஒரு நம்பர். நாலாம் நம்பர் என்றால் எதிராளி புறங்கையால் அடிக்கும் பேக்ஹேண்ட் பக்கமே இரண்டு பந்து ஆழமாக அடித்து, மூன்றாவதைத் திடீரென்று நேர்கோட்டில் விடுவது. ஆறாம் நம்பர் என்றால் தாழ்வாக அறுத்து விடும் ஸ்லைஸ், எதிராளி குனிந்து எடுத்ததும் நெட்டுக்குப் பக்கத்தில் சொத்தென்று ஒரு டிராப். யோசிப்பது இவள். அது நடக்குமா நடக்காதா என்று வியர்க்க வியர்க்க அடித்துப் பார்ப்பது இரண்டு பேரும். சரிப்பட்டு வந்தால்தான் நோட்டில் ஏறும்.

ஒன்பதாம் நம்பர் மட்டும் வேறு ஜாதி. அது பாயிண்ட் எடுக்க எழுதியதில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஆட்டத்தில், குழந்தைகூட எடுக்கக்கூடிய ஒரு லாப், தலைக்கு மேலே தூக்கிப் போட்ட சோப்ளாங்கிப் பந்து, நெட்டைக்குப் பின்னால் போய் விழுந்தது. அவள் மட்டையையே தூக்கவில்லை. அன்றைக்கு உடை மாற்றும் அறையில் ஷூ கயிற்றை அவிழ்த்தபடி, நிமிராமலே சொன்னாள்.

"இடது கண்ணுல கோளாறுடி. அந்தப் பக்கம் மேலே பார்த்தா ஒண்ணுமே இல்ல. பந்து போறது தெரியுது, அப்புறம் காணோம். யாரோ ரப்பரால அழிச்ச மாதிரி."

"டாக்டர்கிட்ட போனியா?"

"போனேன். போன பார்வை போனதுதானாம். ஆபரேஷன் பண்ணினா மிச்சத்தைக் காப்பாத்தலாம்னு சொன்னாரு. ரொம்ப நாள் தள்ளாதீங்கன்னும் சொன்னாரு. எங்கேர்ந்து பண்றது? அக்கா வீட்டு ஹால்ல படுத்துக் கிடக்கிறவ நான்." நெட்டை ஷூவைக் கழற்றிப் பெஞ்சுக்கு அடியில் தள்ளினாள். "யார்கிட்டயும் மூச்சு விட்டுடாத. ஒத்தக்கண்ணின்னு தெரிஞ்சா எவன் என்னைக் கோர்ட்டுக்குள்ள விடுவான்?"

கட்டம் மூச்சு விடவில்லை. அன்றைக்கே உட்கார்ந்து ஒன்பதாம் நம்பரை வரைந்தாள். நெட்டையின் இடது தோளுக்கு மேலே எது வந்தாலும் அது கட்டத்தின் பந்து. நெட்டை "உனக்கு!" என்று கத்திவிட்டு வலது பக்கம் ஒதுங்கிவிட வேண்டும். அவ்வளவுதான்.

"திரும்பிக்கூடப் பார்க்காத. பார்த்தா கால் தடுமாறும். கத்து, ஒதுங்கு. நான் வருவேன்."

"வரலைன்னா?"

"வராம எங்கடி போவேன்?"

வந்தாள். இரண்டு வருஷம், வெயிலிலும் காற்றிலும், முழங்கால் வீங்கின நாளிலும், அந்த "உனக்கு!" கேட்ட அத்தனை முறையும் பின்னாலிருந்து ஓடி வந்து எடுத்தாள். ஊரில் ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை. தனி ஆட்டத்தில் எப்போதாவது அந்தப் பக்கம் பந்து உயர்ந்தால், "அட, ஏமாந்துட்டேன்" என்று நெட்டை சிரித்துச் சமாளித்துவிடுவாள். தெரியாத்தனமாக வருகிற பந்து எத்தனை வரும்?

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் கிளப்பில் பழைய பயிற்சியாளர் ஓய்வு பெற்றார். ஒரே ஒரு நிரந்தர வேலை. அதோடு மருத்துவக் காப்பீடு. அதோடு சலவைக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் ஊழியர் அறை. அந்த அறையில்தான் கட்டமும் அவள் அப்பாவும் இருந்தார்கள். அப்பா வேலையில் இருந்தபோது கொடுத்தது, அவர் விழுந்த பிறகும் இன்னிக்கு நாளைக்கு என்று இழுத்துக்கொண்டிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் நாள் முழுக்கத் துண்டு வெளுக்கும் இயந்திரத்தின் உறுமல், இந்தப் பக்கம் ஒரு கட்டில், ஒரு அடுப்பு, மூன்றாம் கோர்ட்டைப் பார்த்த ஒரு ஜன்னல்.

"வேலை யாருக்கோ அறையும் அவங்களுக்கு. ரூல் அப்படி, நான் என்ன பண்ணட்டும்?" என்று கையை விரித்தார் செயலாளர்.

ஆக, கட்டத்துக்கு வேலை கிடைக்காவிட்டால் படுத்த படுக்கையான மனிதரைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போக வேண்டும். நெட்டைக்குக் கிடைக்காவிட்டால் கண் போகும். கமிட்டியில் பாதிப் பேர் இவள் என்றார்கள், பாதிப் பேர் அவள் என்றார்கள். மாடு வாங்குகிறவன்கூடப் பல்லைப் பிடித்துப் பார்த்து, நடக்கவிட்டுப் பார்த்து வாங்குவான். அந்த யோசனைகூட அந்தக் கமிட்டியில் ஒருத்தருக்கும் வரவில்லை. "ரெண்டு பேரும் ஆடட்டும். ஜெயிக்கிறவங்களுக்கு வேலை. யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது பாருங்க" என்றார் செயலாளர். அந்த மகானுக்கு டீ வந்துவிட்டது, கூட்டம் முடிந்தது.

ஆட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம், அறை வாசலில் கிளப்பின் துண்டுகளை மடித்துக்கொண்டிருந்த கட்டத்திடம் நெட்டை வந்தாள். தானும் ஒரு துண்டை எடுத்து மடித்தாள். நாலு துண்டு மடிப்பதற்குள் கட்டத்தால் பொறுக்க முடியவில்லை.

"இடது பக்கம் தூக்க மாட்டேன்டி."

"நான் கேட்டேனா?"

"நீ கேக்கல. நானாத்தான் சொல்றேன். மத்ததெல்லாம் போடுவேன், உன்னை ஓட ஓட விரட்டுவேன். அதை மட்டும் போட மாட்டேன். அப்பா மேல சத்தியம்."

"சத்தியமெல்லாம் எதுக்குடி? நீ சொன்னா போதாதா?" என்றாள் நெட்டை. மடித்த துண்டை அடுக்கின் மேலே வைத்துத் தட்டிவிட்டு, ஜன்னல் வழியாக அப்பாவுக்கு ஒரு கை காட்டிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை மூன்றாம் கோர்ட். வேடிக்கை பார்க்க நல்ல கூட்டம். முதல் செட் கட்டத்துக்கு வந்தது, இரண்டாவது நெட்டைக்குப் போனது. அதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. மூன்றாவது செட்டில்தான் கட்டத்தின் நோட்டு பலிக்காமல் போக ஆரம்பித்தது. நாலாம் நம்பரைத் தொடங்கினால், நேர்கோட்டில் பந்து போகும் முன்பே நெட்டை அங்கே நிற்கிறாள். ஆறாம் நம்பரைப் போட்டால், டிராப் விழுமுன் முன்னால் ஓடி வருகிறாள். ஏன் வரமாட்டாள்? நோட்டு இவளுடையதானாலும், அதன் ஒவ்வொரு பக்கமும் அந்த நெட்டைக் காலால் ஓடிப் பார்த்து எழுதியதுதானே. கூட இருந்து எழுதியவளிடமே கையெழுத்தை மறைக்க முடியுமா? நாலுக்கு ஒன்று என்று பின்தங்கினாள் கட்டம்.

பக்கம் மாறும் இடைவேளையில் பெஞ்சில் உட்கார்ந்தாள். எதிரே ஊழியர் அறையின் ஜன்னல். கட்டிலில் படுத்திருக்கும் அப்பாவுக்குக் கோர்ட் தெரியாது. கையை நீட்டினால் ஜன்னல் கம்பி மட்டும் எட்டும். அந்தக் கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் இங்கிருந்தே தெரிந்தன. சத்தத்தை வைத்தே அவர் எந்த அடி என்று சொல்லிவிடுவார். எத்தனைக்கு எத்தனை என்று நடுவர் சொல்வதும் அவருக்குக் கேட்கும். நாளைக்கு அந்த விரல்களுக்கு எந்தக் கம்பி என்று நினைத்ததும் கட்டம் வாயருகே கொண்டுபோன தண்ணீரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

அடுத்த கேமில் அது நடந்தது. நெட்டையைப் பின்கோட்டு வரைக்கும் தள்ளி ஒரு ஆழமான பந்து. அப்புறம் வலது பக்கம் குட்டையாக ஒரு ஸ்லைஸ். நெட்டை முன்னால் பாய்ந்து குனிந்து எடுத்தாள். கட்டத்தின் கை மேலே தூக்கியது. பந்து நெட்டையின் இடது தோளுக்கு மேலே போய், அவள் தலை அண்ணாந்து தேடத் தேட, பின்னால் விழுந்தது.

கட்டம் கையைத் தூக்கி மன்னிப்புக் கேட்டாள். கை தவறிவிட்டது என்று அவளே நம்பினாள். நெட்டையும் பரவாயில்லை என்று தலையாட்டினாள். நல்ல மனுஷி.

இரண்டாவது முறை போட்டபோது கட்டம் கையைத் தூக்கவில்லை. நெட்டை நெட்டுக்கு அந்தப் பக்கம் இடுப்பில் கை வைத்து ஒரு நிமிஷம் இவளையே பார்த்தாள். என்னவென்று கேட்பது? நடுவரிடம் போய், "இவளுக்கு என் கண்ணு தெரியும், அதனால அந்தப் பக்கம் போடுறா" என்று முறையிட முடியுமா? வாயைத் திறந்தால் வேலையும் போச்சு, இருக்கிற கூலியும் போச்சு.

அதற்கப்புறம் நெட்டை பின்கோட்டை விட்டு அசையாமல் நின்று பார்த்தாள். அங்கே நின்றால் லாப் ஒன்றும் செய்யாது. ஆனால் அடிகளைக் கோக்கத் தெரிந்தவளிடமா அந்த வித்தை பலிக்கும்? பின்னால் நிற்கிறாயா, இந்தா உனக்குக் குட்டையாக ஒரு டிராப். ஓடி வராவிட்டால் அதிலேயே பாயிண்ட் போச்சு, ஓடி வந்தால் தலைக்கு மேலே லாப். போனாலும் அடி, போகாவிட்டாலும் அடி. கட்டம் அவ்வளவு அழகாக வாழ்நாளில் ஆடியதில்லை. பார்த்தவர்கள் கை தட்டினார்கள். ரத்தக் கொதிப்பு வந்தவள் மாதிரி அவளுக்கு முகம் சிவந்து, காது இரைந்தது. நிறுத்து என்று உள்ளே ஒன்று சொல்லாமல் இல்லை. நாலுக்கு நாலு. ஐந்துக்கு நாலு. தலைக்கு மேலே வெள்ளம் போன பிறகு சாண் என்ன முழம் என்ன.

மேட்ச் பாயிண்ட். ஆழமாக ஒன்று, பின்னால் தள்ளியது. குட்டையாக ஒன்று, முன்னால் இழுத்தது. அந்த நீண்ட காலால் நெட்டை ஓடி வந்து, மட்டையை எட்டிப் பந்தைத் திருப்பிவிட்டாள். கட்டம் தூக்கினாள். பந்து இடது தோளுக்கு மேலே ஏறியது.

களைப்போ, பதற்றமோ, இரண்டு வருஷம் உடம்பில் ஊறிப் போனதோ, நெட்டை கத்தினாள்.

"உனக்கு!"

கத்திவிட்டு வலது பக்கம் ஒதுங்கினாள். திரும்பிப் பார்க்கவில்லை. பின்னாலிருந்து ஓடி வருகிறவளுக்கு வழிவிட்டு, மட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு, அமைதியாக நின்றாள். ஓடி வரவேண்டியவள் நெட்டுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். பந்து காலியான இடத்தில் ஒரு முறை குதித்தது, இன்னொரு முறை குதித்தது, வேலியில் போய் முட்டியது.

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

நெட் ஓரத்தில் கை குலுக்கும்போது நெட்டையும் சிரித்தாள். "பழக்க தோஷம்டி" என்றாள். திட்டியிருந்தால், ஒரு அறை விட்டிருந்தால், கட்டம் அவள் காலில் விழுந்திருப்பாள்.

"யாருக்கும்மா அது, 'உனக்கு'? பேயையா கூப்பிட்டா?" என்று செயலாளர் வயிறு குலுங்கக் கேட்டார்.

"டென்ஷன்ல கத்திட்டா சார்" என்றாள் கட்டம். அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தால்தான் பின்னால் அவளுக்குச் சோறு இறங்காமல் போனது.

அறைக்குள் போனபோது அப்பா முகமெல்லாம் பல்லாக இருந்தார். "நடுவர் சொன்னது கேட்டுச்சு. ஜெயிச்சுட்டேல்ல? நிறைய தூக்கிப் போட்ட போலிருக்கே. சத்தம் வர ரொம்ப நேரமாச்சு ஒவ்வொண்ணுக்கும்."

"ஆமாப்பா."

"அது சரி, கடைசியில நம்ம நெட்டை 'உனக்கு'ன்னு கத்தினாளே. எனக்குக் குழம்பிப் போச்சும்மா. ரெண்டு பேரும் ஒரே பக்கமாவா ஆடினீங்க?"

கட்டம் அவருக்குத் தலையணையை உயர்த்தி வைத்தாள்.

வேலை வந்தது, அறை நிலைத்தது. நெட்டை கிளப்புக்கு வருவதை நிறுத்திவிட்டு, ஒரு பிஸ்கட் கம்பெனியில் பெட்டி அடுக்கப் போனாள். கட்டம் இரண்டு முறை அவள் அக்கா வீட்டுக்குப் போனாள். முதல் முறை போனபோது நெட்டை டீ போட்டுக் கொடுத்து, அப்பா எப்படி இருக்கிறார் என்று விசாரித்தாள், அக்கா பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கதையெல்லாம் சொன்னாள். இரண்டாவது முறை போனபோது டீயைத் தம்ளரில் ஊற்றாமல் தம்ளருக்குப் பக்கத்தில் ஊற்றினாள். மேசையிலிருந்து டீ கட்டத்தின் மடியில் சொட்டியது.

"எவ்வளவு தெரியுதுடி?"

"இடது சுத்தமா இல்ல. வலது நல்லாத்தான் இருக்கு" என்று துணி எடுத்துத் துடைத்தாள் நெட்டை. "சுட்டுச்சா?"

வருஷம் திரும்பி இரட்டையர் போட்டி வந்தது. செயலாளர் பழக்கத்தில் இரண்டு பேர் பேரையும் ஜோடியாக எழுதிவிட்டார். நெட்டை மாட்டேன் என்றுதான் சொல்வாள் என்று நினைத்தாள் கட்டம். ஆனால் போனில் "வரேன்" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டாள்.

கட்டத்துக்குத் தலைகால் புரியவில்லை. மன்னித்துவிட்டாள், இல்லாவிட்டால் வருவாளா? ஒரு வாரம் நோட்டும் கையுமாக உட்கார்ந்தாள். ஒன்பதாம் நம்பரைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக வரைந்தாள். இப்போது இடது தோள் மட்டும் இல்லை, கோர்ட்டின் இடது பாதி முழுக்கவே இவள் பொறுப்பு. நெட்டை வலது ஓரத்தில் நின்றால் போதும், ஓடுவதெல்லாம் இவள் ஓடுவாள். மூச்சு நின்றாலும் சரி, ஒரு பந்தைக்கூட விடக் கூடாது. ஆட்டத்தன்று காலை அந்தப் பக்கத்தைக் காட்டினாள். நெட்டை முகத்தைத் திருப்பி, வலது கண்ணருகே நோட்டைக் கொண்டுபோய் நிதானமாகப் பார்த்தாள்.

"நல்லா இருக்கு" என்று திருப்பிக் கொடுத்தாள்.

எதிராளிகள் கத்துக்குட்டிகள். மூன்றாவது பாயிண்டிலேயே ஒரு லாப் நெட்டையின் இடது தோளுக்கு மேலே உயர்ந்தது. கட்டம் பின்னாலிருந்து பாய்ந்தாள். அவள் பந்துக்கு அடியில் வந்து நிற்கும்போது, நெட்டை ஒதுங்கவில்லை. சடாரென்று திரும்பி, வெறும் காற்றை ஓங்கி அடித்தாள். மட்டை கட்டத்தின் தோளை உரசிக்கொண்டு போனது. பந்து இரண்டு பேருக்கும் நடுவில் விழுந்தது.

"விடுடி. நான்தான் வரேன்ல."

"சரி."

அடுத்த பந்துக்கு "எனக்கு! எனக்கு!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டே ஓடினாள் கட்டம். நெட்டை அதற்கும் திரும்பினாள், வீசினாள், விட்டாள். அதற்கடுத்ததும் அப்படியே. எதிராளிகளுக்குச் சூட்சுமம் பிடிபட்டுவிட்டது, அங்கேயே போட்டார்கள். உயரப் போன ஒவ்வொரு பந்துக்கும் அந்த நெட்டை உருவம் தன் குருட்டுப் பக்கம் திரும்பி, தெரியாத பந்தைத் தானே தேடியது. ஒரு முறை பந்து அவள் கன்னத்திலேயே விழுந்தது. நடுவர் ஆட்டத்தை நிறுத்தவா என்று கேட்டார், நெட்டை வேண்டாம் என்றாள்.

பக்கம் மாறும்போது கட்டம் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன்டி. ஒரே ஒரு பந்து எனக்கு விடு. நான் இருக்கேன்."

நெட்டை கோபப்படவில்லை. கையை உருவிக்கொள்ளவும் இல்லை. "நீ இருப்பேன்னு எனக்குத் தெரியும்டி" என்றாள். "முடியல, அவ்வளவுதான்."

கடைசிப் பந்தும் அந்தப் பக்கமே வந்தது. சோம்பேறித்தனமான, உயரமான பந்து. கட்டம் அதற்குக் கீழே எப்போதோ வந்து, மட்டையைத் தூக்கித் தயாராக நின்றுகொண்டிருந்தாள். நெட்டை இரண்டு எட்டு பின்னால் வந்து அவளுக்கு முன்னால் நின்றாள். வானத்தில் ஒன்றுமே தெரியாத இடத்தை அண்ணாந்து பார்த்து, "எனக்கு" என்று சொல்லிவிட்டு வீசினாள்.